மார்கழிக் குளிரும் மந்திரிமார் கணக்கும்

எரிசாராயம் மனிதன் வயிற்றுக்குள் இறங்கினால் குடி கெடும். இது ஊரறிந்த உண்மை. அதே சாராயம் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இறங்கினால் நாட்டின் குடி உயரும் என்கிறது டில்லி சர்க்கார். உயரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் உயருவது எவர் குடி, அதற்காக அவிழ்க்கப்படுவது எவர் மடி என்று கேட்கும் உரிமை, விடியற்காலை ஷிப்டுக்கு வண்டியை உதைத்துக் கிளப்பும் தொழிலாளிக்கு உண்டல்லவா? அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக் கொள்கிறோம்.

குளிர்காலம் வந்தால் தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர் பக்கத்து மெக்கானிக் கடை வாசல்களில் இப்போது ஒரு பேச்சு எழுகிறது. "காலையில் வண்டி எழுந்திருக்க மாட்டேனென்கிறது. பெட்ரோலில் எத்தனாலைக் கலந்தார்கள். அதனால் வந்த வினை!" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் வீண் புரளி, வண்டியைச் சரியாக வைத்துக் கொள்ளத் தெரியாதவன் புலம்பல்" என்பது எதிர்க் கட்சி. இரண்டில் எது உண்மை? இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டிலும் பாதிப் பிழை உண்டு. பிரித்துப் பார்ப்போம்.

இயந்திரம் என்றால் மிரளுகிற ஊரல்ல இது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931 இலேயே ஓடத் துவங்கிவிட்டது. வண்டலூர்த் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. சானடோரியத்தருகே ஏற்றுமதித் தொழில் வளாகம் 1984 இல் எழுந்தது. ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் அன்றாடம் வண்டி கட்டும் தோழர்களின் கைகளில் கிரீஸ் மணம் உண்டு. ஆகவே இயந்திரத்தின் பாஷையிலேயே பேசுவோம்; புரியாதென்று எவரும் ஒதுக்க வேண்டாம்.

முதலில் நடந்தது என்ன?

2003 ஜனவரியில், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில், பெட்ரோலில் 100க்கு 5 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் துவங்கிற்று. 2022 ஜூனில் அது 10 பங்காயிற்று. 2023 பிப்ரவரி 6 ஆம் நாள் பெங்களூரில் 20 பங்குக் கலவையைப் பிரதமர் துவக்கி வைத்தார். 2030 இல் எட்டுவதென வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025 இலேயே 20 பங்கை எட்டிவிட்டதாக மார்தட்டினார்கள். சாராயத்தை எரிபொருளாக்கும் யோசனை புதியதுமல்ல. 1948 இலேயே இந்திய சர்க்கார் இதற்கென 'பவர் ஆல்கஹால்' சட்டம் ஒன்றை இயற்றியதுண்டு. யுத்த காலத்தில் கரிவாயுவில் பஸ் ஓட்டிய நாடுதானே இது! எரிபொருளுக்காக அந்நியனை அண்டி நிற்க வேண்டாம் என்ற எண்ணத்தில் தவறில்லை. கரும்பு விளைவிப்போனுக்கும் மக்காச்சோளம் விளைவிப்போனுக்கும் நாலு காசு கிடைக்குமானால் நமக்கும் மகிழ்ச்சியே.

இனி, குளிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

இயந்திரம் திரவத்தை எரிப்பதில்லை, தோழர்களே! ஆவியைத்தான் எரிக்கிறது. பிளக்கில் பொறி பறக்கும்போது அங்கே போதுமான ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். இல்லாவிட்டால் எத்தனை உதை உதைத்தாலும் கால்தான் வலிக்கும்.

பெட்ரோல் ஒரு கூட்டுக் குடும்பம். அதில் பலவகைப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன. சில 35 டிகிரி வெப்பத்திலேயே கொதித்தெழும். சில 200 டிகிரி வரை பொறுமையாக இருக்கும். கடுங்குளிரிலும் அந்தக் குடும்பத்தின் துடுக்கான பிள்ளைகள் முதலில் எழுந்து ஓடிவந்து தீயைப் பற்றிக் கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோலின் ஆவி தீப்பற்றக் கூடியது. எத்தனாலோ தனிக்கட்டை. அதில் துடுக்கும் இல்லை, பொறுமையும் இல்லை; 78 டிகிரியில் கொதிக்கும் ஒரே பொருள். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே போனால், பொறி பட்டால் பற்றிக் கொள்ளும் அளவுக்குக் கூட அதிலிருந்து ஆவி எழும்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் அம்மை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் கையைத் துடைக்கும்போது சில்லென்கிறதே, ஏன்? ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது நம் தோலிலிருந்து சூட்டைத் திருடிக் கொண்டு போகிறது. இயந்திரத்துக்குள்ளும் அதே திருட்டுத்தான். ஒரு கிலோ எத்தனால் ஆவியாக, ஒரு கிலோ பெட்ரோலுக்கு வேண்டியதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சூடு வேண்டும். ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் இயந்திரத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டையும் அது உறிஞ்சிவிடும். முழுச் சாராயத்தில் ஓடும் இயந்திரம் குளிர்ந்த காலையில் முரண்டு பிடிப்பதன் இரகசியம் இதுவே.

அப்படியானால் தாம்பரத்து மார்கழியில் 20 பங்குக் கலவை வண்டியை முடக்கிவிடுமா?

இல்லை! நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இல்லை. சென்னையின் வரலாற்றில் பதிவான மிகக் கடுங்குளிரே 13.9 டிகிரிதான்; அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். நம் மார்கழி விடியலில் சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதோடு, கலவையில் 100க்கு 80 பங்கு பெட்ரோல் இருக்கிறதே! தீ மூட்டும் வேலையை அந்தக் கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் மூளையோடு எரிபொருளைப் பீய்ச்சும் புது வண்டிகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும். பெட்ரோலுக்கென்று அளந்து வைத்த கார்புரேட்டரோ பழைய கணக்குப்படியே காற்றை விடும். கலவை நீர்த்துப் போகும். ஆகவே குளிர்ந்த காலையில் சோக்கைச் சற்றுக் கூடுதலாக இழுக்க வேண்டி வரலாம். அவ்வளவே. குளிரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், நீதிபதி விடுதலை செய்துவிடுவார்!

அப்படியென்றால் உண்மைக் குற்றவாளி யார்?

தண்ணீர்!

பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. எத்தனாலோ தண்ணீரைக் கண்டால் தாவி அணைத்துக் கொள்ளும். 10 பங்குக் கலவை, சாதாரணக் குளிரில், 200 பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் வரை தன்னுள் கரைத்து வைத்துக் கொள்ளும். 20 பங்குக் கலவை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை மீறினால் விபரீதம். எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்து கொள்ளும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து! பிளக்குக்குப் போய்ச் சேருவது சாராயத் தண்ணீர். வண்டி எப்படிக் கிளம்பும்?

குளிருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெப்பம் குறையக் குறைய, கலவை தாங்கும் தண்ணீரின் அளவும் குறையும். மாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, பனி இறங்கிய விடியலில் மறுப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும். முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் தண்ணீரைப் பற்றி அறியாத ஊர்களா? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் படகு விட வைத்தது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, அதைத் தொடர்ந்து மார்கழிப் பனி. பெட்ரோல் பங்குகளின் நிலத்தடித் தொட்டிகளும், வாசலில் மழையில் நிற்கும் வண்டிகளும் இதிலிருந்து தப்ப முடியுமா? கலப்பில்லாத பெட்ரோல் காலத்தில், சிறிது தண்ணீர் புகுந்தால் அது தனியே அடியில் கிடக்கும். வடித்து எறிந்தால் தீர்ந்தது. இப்போதோ தண்ணீர் தன்னோடு சாராயத்தையும் இழுத்துக் கொண்டு பிரிகிறது. பெட்ரோலின் தரமே மாறிப்போகிறது. டில்லியில் உட்கார்ந்து விகிதம் நிர்ணயித்தவர்கள், வெள்ளம் புகும் ஊர்ப் பங்குகளில் தண்ணீர்ச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தாம்பரத்துத் தோழனிடம் எடுத்துச் சொன்னார்களா? விகிதத்தை உயர்த்தியதில் இருந்த வேகம், விளக்கம் சொல்வதில் இல்லையே!

குளிர் என்பது 20 பங்கில் பெரிய பிரச்சினை இல்லை என்றோம். ஆனால் கதை 20 இல் முடியப் போவதில்லை. 2024 மார்ச்சில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளை, தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் 183 பங்குகளில் துவக்கி வைத்தார்கள். பெயர்தான் நூறு, உள்ளே ஏறத்தாழ 93 பங்கு எத்தனால், 5 பங்கு பெட்ரோல், மீதி வேறொரு சேர்மானம். நூறு என்று பெயர் வைத்துவிட்டு ஐந்து பங்கு பெட்ரோலை ஏன் சேர்த்தார்கள்? குளிரில் கிளம்புவதற்கு அந்தத் துடுக்குப் பிள்ளைகளின் தயவு கொஞ்சமாவது வேண்டியிருக்கிறது பாருங்கள்! ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார், 2019 ஜூலையிலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தது. செய்யும் திறன் நம் மண்ணில் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட வண்டிகள் நாளை பெருகினால், தாம்பரத்தில் தப்பிக்கும் இயந்திரம் உதகையில் தப்பிக்குமா? நீலகிரியில் டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழுகிறது. தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளைப் போர்வை போர்த்திக் கொள்கிறது. வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது. தேயிலைத் தோட்டத்துக்கு விடியலில் போகும் தோழனின் வண்டி என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. பிரேசில் நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்திருக்கிறது.

1975 நவம்பரில் பிரேசில் தன் சாராயத் திட்டத்தைத் துவக்கியது. 1979 இல் முழுச் சாராயத்தில் ஓடும் பியட் 147 கார் சந்தைக்கு வந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் ஜூன், ஜூலை மாதங்கள் கடுங்குளிர். கார் கிளம்ப மறுத்தது. என்ன செய்தார்கள்? "வண்டியை வைத்துக் கொள்ளத் தெரியாதவர்கள்" என்று குடிமக்களைத் திட்டினார்களா? இல்லை. இயந்திரத்தின் அருகே குட்டி டேங்க் ஒன்றைப் பொருத்தி, அதில் பெட்ரோலை நிரப்பினார்கள். கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் பெட்ரோல். கிளம்பிய பிறகு சாராயம். அதிலும் குறை இருந்தது. குட்டி டேங்கை நிரப்ப மறந்தவன் நடுத்தெருவில் நின்றான். நெடுநாள் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் குழாயை அடைத்தது. ஆகவே மேலும் ஆராய்ந்தார்கள். 2003 இல் பெட்ரோல், சாராயம் இரண்டிலும், எந்த விகிதத்திலும் ஓடும் கார் வந்தது. 2009 இல், பீய்ச்சுவதற்கு முன் எரிபொருளையே மின்சாரத்தால் சூடேற்றும் ஏற்பாடு வந்தது. குட்டி டேங்க் தேவையற்றுப் போயிற்று. அதே ஆண்டில் இரண்டிலும் ஓடும் மோட்டார் சைக்கிளை ஹோண்டா அங்கே விற்றது.

அமெரிக்காவில் 85 பங்கு என்று பெயர் வைத்து விற்கும் எரிபொருளில், குளிர்காலத்தில் குளிர்ப் பிரதேசங்களில் எத்தனாலை 51 பங்கு வரை குறைத்துக் கொள்ள இடமுண்டு. ஊருக்கு ஏற்ற கலவை, பருவத்துக்கு ஏற்ற கலவை! இங்கோ காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே விகிதம். உதகைக்கும் ஊரப்பாக்கத்துக்கும் ஒரே அளவுகோல். இயற்கை எல்லா ஊரையும் ஒன்றுபோலப் படைக்கவில்லை என்பதை, எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கத் துடிப்பவர்களுக்கு ஒரு சொட்டுச் சாராயம் சொல்லித் தருகிறது!

குளிரில் இயந்திரம் கிளம்புவது தீர்க்க முடியாத புதிரல்ல. பொறியாளன் தீர்த்து வைத்துவிட்ட கணக்கு. பிரேசிலில் எரிபொருளுக்கு ஏற்ற வண்டியைச் செய்தார்கள். வாங்குபவனுக்குப் பங்கில் இரண்டு குழாய்களை வைத்தார்கள். சாராய விலை பெட்ரோல் விலையில் 100க்கு 70க்கு மேல் போனால் அங்குள்ள ஓட்டுநர் பெட்ரோல் குழாயின் பக்கம் திரும்பிவிடுவார். ஏனென்றால் ஒரு லிட்டர் சாராயத்தில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது அவருக்குத் தெரியும்.

இங்கே நடந்தது தலைகீழ்! எரிபொருள் முதலில் மாறிற்று. வண்டி பிறகு மாறும் என்றார்கள். 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, 2023 ஏப்ரல் முதல் 20 பங்கைத் தாங்கும் பாகங்கள் கொண்ட வண்டிகள், 2025 ஏப்ரல் முதல் அதற்கென்றே சீரமைத்த இயந்திரங்கள் என்று கால அட்டவணை போட்டது. அதற்கு முன் வாங்கிய வண்டிகள்? அவற்றை என்ன செய்வது? தொழிலாளி கடன் வாங்கி, தவணை கட்டி, பத்தாண்டு ஓட்ட நினைத்த வண்டியல்லவா அது!

அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 பங்குக்கெனச் சரிசெய்த வண்டிகளில், 20 பங்கு ஊற்றினால், இருசக்கர வண்டிக்கு மைலேஜ் 100க்கு 3 முதல் 4 வரை குறையும். காருக்கு 6 முதல் 7 வரை குறையும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய இலாகாவும் பழைய வண்டிகளில் 3 முதல் 6 வரை குறையும் என்று ஒப்புக் கொண்டது. "சொற்பந்தானே" என்றார்கள். சொற்பமா? கணக்குப் போடுவோம். தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்ப நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 48 கொடுக்கிறது. மாதம் 26 நாள் வேலை. கூடுதலாக 1.3 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 130 ரூபாய். ஆண்டுக்கு 1,560 ரூபாய். மந்திரிக்கு அது சொற்பம். பள்ளி திறக்கும் மாதத்தில் குழந்தைக்கு நோட்டும் பையும் செருப்பும் வாங்குபவனுக்கு அது சொற்பமல்ல! தேய்ந்த ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் ஆகும் செலவு தனி.

சக்தி குறைவு என்பதால் விலையையும் குறைக்க வேண்டும் என்று அந்த 2021 அறிக்கையே யோசனை கூறியது. விலை குறைந்ததா? "எத்தனால் கொள்முதல் விலையே ஏறிவிட்டது, 2025 ஜூலை முடிய சராசரி லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு ஆகிறது, பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம்" என்று இலாகா பதில் சொன்னது. அதாவது விலை மலிவு என்று தொடங்கி, விலை அதிகம் என்று முடித்து, சுமையை மட்டும் இடம் மாறாமல் தொழிலாளியின் தோளிலேயே விட்டு வைத்தார்கள். கலப்பில்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்டு ஒருவர் சுப்ரீம் கோர்ட் சென்றார். 2025 செப்டம்பர் 1 ஆம் நாள் அந்த மனு தள்ளுபடியாயிற்று. கோர்ட் கதவு மூடியிருக்கலாம். மக்கள் மன்றத்தின் கதவு மூடவில்லை.

நாம் கேட்பது என்ன? சந்திரனையா கேட்கிறோம்?

ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் எத்தனை பங்கு என்று தமிழில், கண்ணில் படும்படி எழுதி வை. பழைய வண்டிக்காரனுக்குப் பழைய கலவையைக் கொடு. கொடுக்க முடியாதென்றால் சக்தி குறைந்த அளவுக்கு விலையைக் குறை. வெள்ளம் புகும் ஊர்களின் பங்குகளில், மழைக்காலம் முழுவதும் தொட்டியில் தண்ணீர்ச் சோதனை செய்து முடிவை வெளியில் ஒட்டு. 20க்கு மேல் உயர்த்துவதற்கு முன், குளிர்ப் பிரதேசத்துக்குத் தனி விகிதமும், குளிரில் கிளம்பும் கருவி பொருத்திய வண்டியும் உண்டென்று சட்டமாக்கு. பாகம் கெட்டால் மாற்றித் தரும் பொறுப்பு வண்டி செய்தவனுக்கும் விகிதம் மாற்றியவனுக்கும் என்று எழுது. இவை நியாயமான கோரிக்கைகள். பிரேசிலிலும் அமெரிக்காவிலும் பாதிக்கு மேல் நடைமுறையில் இருப்பவை.

தோழர்களுக்கும் ஒரு சொல். புரளியை நம்பிப் புது வண்டியை விற்றுவிட வேண்டாம். மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக வைக்காமல் நிறைத்து வையுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். நெடுநாள் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். வெள்ளத்தில் முங்கிய வண்டியானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துச் சுத்தம் செய்யாமல் உதைக்காதீர்கள். பழைய வண்டியின் பெட்ரோல் குழாயைத் தகுந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெட்ரோல் கசிவு வேடிக்கையல்ல, தீ! பங்கில் பெட்ரோல் போட்டவுடன் வண்டி நின்றால், ரசீதைத் தொலைக்காமல் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். புலம்பல் காற்றோடு போகும். புகார் காகிதமாக நிற்கும்.

குளிர்ந்த இயந்திரத்துக்கு முதலில் கொஞ்சம் சூடு வேண்டும். அப்போதுதான் அது ஓடும். டில்லி இயந்திரமும் அப்படித்தான். தொழிலாளியின் குரல் சென்று சேராத குளிர்ந்த அறைகளில் அது உறைந்து கிடக்கிறது. ஒருவர் உதைத்தால் உறுமிவிட்டு அடங்கிப் போகும். ஆயிரம் பேர் சேர்ந்து உதைத்தால்?

கிளம்பும்! கிளம்பியே தீர வேண்டும்!